அனுமதியின்றித் துப்பாக்கி: முன்னே கேட்பதா, பின்னே கேட்பதா?

மறுநடவு செய்த ரப்பர்க் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடுவது தோட்டத்தில் வாழ்வோருக்குப் புதிய செய்தி அன்று. லயத்து வீடுகளுக்குப் பின்னால் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் விடிவதற்குள் பாழாகிக் கிடக்கும். அதிகாலையில் பெரட்டுக்குச் செல்லும் வழியில் அதனைக் கண்டு, “நம் கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் இப்படி நடக்குமா?” என்று பெருமூச்சு விடுவோர் பலர்.

அண்மைக் காலத்தில் இந்தப் பெருமூச்சோடு ஒரு கேள்வியும் சேர்ந்துள்ளது. “அமெரிக்காவில் அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமலே துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாமாமே! இங்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?” என்பதே அக்கேள்வி. கேட்பவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. நியாயமான கேள்விக்கு நியாயமான விளக்கம் தருதலே முறை.

துப்பாக்கியைப் பொறுத்தவரையில் சட்டம் இரண்டு வேளைகளில் ஒருவரைக் கேள்வி கேட்கலாம். துப்பாக்கியை அவர் கையில் எடுப்பதற்கு முன்னே, “நீர் யார்? இது உமக்கு எதற்கு? இதைக் கையாளத் தெரியுமா?” என்று கேட்கலாம். அல்லது அப்போது ஒன்றும் கேளாமல் விட்டுவிட்டு, தவறு நடந்த பின்னே, “ஏன் இவ்வாறு செய்தீர்?” என்று கேட்கலாம். அனுமதிச் சீட்டைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு வேளைகளுக்கு இடையே எழுந்த விவாதமே ஆகும்.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் குறிப்பிடுகின்றது. அது 1791ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆயினும் பொது இடத்தில் துப்பாக்கி கொண்டு செல்லும் முறையை அங்குள்ள 50 மாநிலங்களும் தத்தம் விருப்பப்படி வகுத்து வந்துள்ளன. நியூயார்க் மாநிலம் 1911ஆம் ஆண்டிலேயே கைத்துப்பாக்கிக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கு நேர்மாறாக, வெர்மான்ட் என்னும் சிறு மாநிலத்தில் அனுமதிச் சீட்டு முறை என்றுமே இருந்ததில்லை. அங்கு ஒரு நகரசபை விதித்த அனுமதி விதியை, 1903ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது.

நெடுங்காலம் வெர்மான்ட் தனித்தே நின்றது. 2003இல் அலாஸ்காவும் 2010இல் அரிசோனாவும் அதே வழிக்கு வந்தன. பின்னர் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. டெக்சஸ் 2021 செப்டம்பர் 1 முதலும், புளோரிடா 2023 ஜூலை 1 முதலும் அனுமதிச் சீட்டுத் தேவையை நீக்கின. 2024 ஜூலை 4 அன்று லூசியானாவும் சேர்ந்தபோது, இத்தகைய மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆயிற்று.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். இம்மாநிலங்களில்கூட யார் வேண்டுமாயினும் துப்பாக்கி ஏந்தலாம் என்பதில்லை. கடுங்குற்றம் புரிந்து தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருப்பதை, 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் நாடு முழுவதும் தடை செய்கின்றது. உரிமம் பெற்ற கடையில் வாங்குவோரின் குற்றப் பின்னணி 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சோதிக்கப்படுகின்றது. மாறியது எதுவெனில், வாங்கிய துப்பாக்கியைப் பொது இடத்திற்குக் கொண்டு செல்லும்போது தனியே கேட்கப்பட்ட அனுமதியே. டெக்சஸில் முன்பு அந்த அனுமதிக்காக வகுப்பில் அமர வேண்டும். எழுத்துத் தேர்விலும் சுடும் தேர்விலும் தேற வேண்டும். கைரேகை தர வேண்டும். இன்று அவை விரும்பியோர்க்கு மட்டுமே.

ஆதரிப்போர் கூறுவது

அனுமதிச் சீட்டு வேண்டாம் என்போரின் முதல் வாதம், திருடன் சீட்டு வாங்கிக்கொண்டு திருட வருவதில்லை என்பது. சட்டத்தை மதிப்பவன் மட்டுமே அலுவலக வாசலில் காத்துக் கிடக்கிறான் என்பர். இரண்டாவது வாதம் ஏழைகளைப் பற்றியது. கட்டணமும், வேலையை விட்டு வகுப்புக்குச் செல்லும் நாளும் நாட்கூலிக்காரருக்குப் பெருஞ்சுமையாகும். நாட்கூலியின் அருமை அறிந்த நமக்கு இவ்வாதம் எளிதில் விளங்கும்.

மூன்றாவது வாதம் சிந்திக்கத்தக்கது. அனுமதி தரும் அதிகாரம் நேர்மையற்றவர் கையில் அகப்பட்டால், அது அநீதிக்குக் கருவியாகும் என்பது அவ்வாதம். இதற்கு அவர்கள் காட்டும் சான்று, கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங். 1956 ஜனவரி 30 அன்று மாண்ட்கோமரி நகரில் அவருடைய வீட்டின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. தற்காப்புக்காகத் துப்பாக்கி அனுமதி கோரி அவர் விண்ணப்பித்தார். மனைவி மக்களோடு உயிருக்கு அஞ்சி வாழ்ந்த அவருக்கு அந்த அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர் அறவழிப் போராட்டமே தம் வழியென உறுதிகொண்டு அவர் துப்பாக்கியைக் கைவிட்டார் என்பது வேறு செய்தி. ஆனால் சீட்டு வழங்கியோர் ஆளைப் பார்த்து வழங்கினர் என்ற குற்றச்சாட்டை எளிதில் மறுக்க முடியாது.

எதிர்ப்போர் கூறுவது

மறுபக்கத்தில் நிற்போரில் காவல்துறைத் தலைவர்கள் பலர் உள்ளனர். டெக்சஸில் சட்டம் மாற இருந்தபோது அவர்களில் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தனர். நடுச்சாலையில் ஒருவன் துப்பாக்கியுடன் நின்றால், அவன் நல்லவனா தீயவனா என்று காவலர் அறிவது எப்படி என்று அவர்கள் கேட்டனர். சீட்டு இருந்தவரையில் அதைக் காட்டச் சொல்லலாம். சீட்டே தேவையில்லை எனில் எதைக் கேட்பது? மேலும், துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்கவும் கையாளவும் கற்றுக்கொள்ளும் ஒரே வாய்ப்பும் பலருக்கு இதனால் போய்விடுகின்றது என்பது அவர்களுடைய கவலை.

2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். இவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். இவ்வெண்கள் மட்டுமே அனுமதிச் சீட்டு விவாதத்தை முடித்துவிடமாட்டா. ஆயினும் துப்பாக்கி பெருகிய இடத்தில், திருடன் வரும் நாளைவிட வீட்டிலுள்ளவர் மனமுடையும் நாளே அதிகம் அஞ்சத்தக்கது என்பதை அவை காட்டுகின்றன.

2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியூயார்க்கின் பழைய சட்டத்தில் ஒரு பகுதியைச் செல்லாததாக்கியது. தனக்கெனச் சிறப்பான காரணம் ஒன்றைக் காட்டினால்தான் அனுமதி என்ற விதி நீங்கியது. ஆனால் பயிற்சி, பின்னணிச் சோதனை முதலியவற்றோடு எல்லார்க்கும் ஒரே அளவுகோலில் வழங்கப்படும் அனுமதிச் சீட்டு முறையை அத்தீர்ப்பு அகற்றவில்லை. ஆகவே விவாதம் அங்கு இன்னும் முடியவில்லை.

நம் நாட்டின் அனுபவம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்குள்ள சட்டத்தின் கடுமைக்குக் காரணம் ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றிலேயே உள்ளது.

1945இல் ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது, போர்க்காலத்து ஆயுதங்கள் பல காடுகளில் மறைக்கப்பட்டிருந்தன. 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரே காலைப் பொழுதில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. அக்காலத்தைக் கடந்த பெரியவர்களிடம் கேட்டால் தெரியும்: வெட்டிச் சிதைக்கப்பட்ட பால்மரங்கள், முள்வேலி சூழ்ந்த லயங்கள், அளந்து கொடுக்கப்பட்ட அரிசி, இருபக்கத்துத் துப்பாக்கிக்கும் நடுவே பால் வெட்டப் போன தொழிலாளிகள்.

அவசரகால விதிகளின்படி, அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்துவோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. கையில் இருந்ததே போதும். இவ்விதியின் கீழ் அகப்பட்ட இரு தமிழர்களின் வழக்குகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒருவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி. துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று குற்றஞ் சாட்டப்பட்டு, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்க இந்திய அரசாங்கம் எடுத்த முயற்சிகள் பயன்தரவில்லை. அத்தண்டனை தகுமா என்பது இன்றளவும் விவாதிக்கப்படுகின்றது.

மற்றவர் சாம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்ட அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: ஒன்று துப்பாக்கி ஏந்தியது; மற்றொன்று 10 தோட்டாக்கள் வைத்திருந்தது. தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. துப்பாக்கிக் குற்றச்சாட்டு மட்டும் மறுபடி விசாரிக்கப்பட்டது. அம்மறு விசாரணையில், துப்பாக்கியோடு தோட்டாக்களும் தம்மிடம் இருந்தனவாக அவர் கூறியதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் சான்றாக வைக்கப்பட்டது. தோட்டா விஷயத்தில் அவர் ஏற்கெனவே விடுதலை பெற்றவர் என்பது அங்கு உரியவாறு எடுத்துக் கூறப்படவில்லை. மரண தண்டனை கிடைத்தது. வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. நீதிமன்றம் ஒருவரை விடுவித்துவிட்டால், பின்னர் நடக்கும் விசாரணையிலும் அவ்விடுதலையை மதித்தே ஆக வேண்டும் என்று கூறி, 1950ஆம் ஆண்டில் அத்தண்டனையை அது ரத்து செய்தது. இன்றும் பல நாடுகளின் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

இவ்விரு வழக்குகளிலிருந்து நாம் கற்பது என்ன? அனுமதிச் சீட்டு இல்லாத துப்பாக்கியைத் தொட்டவரின் உயிர் நூலிழையில் தொங்கியது என்பது ஒன்று. சட்டம் எவ்வளவு கடுமையாக இருப்பினும், குற்றத்தை முறைப்படி மெய்ப்பிக்காமல் தண்டித்தல் கூடாது என்பது மற்றொன்று.

அவசரகாலம் முடிந்த பின்னும் கடுமை உடனே தணியவில்லை. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாப்பு வட்டாரத்தில் உரிய அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மரண தண்டனை விதித்தது. 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே அத்தண்டனை விதிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பின்னர் அவன் தண்டனை மாற்றப்பட்டு உயிர் பிழைத்தான். அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டுவிட்டது.

இன்றைய சட்டம்

இன்று நடைமுறையிலிருப்பவை முக்கியமாக இரண்டு சட்டங்கள். முதலாவது, 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். இதன்படி, மாநிலப் போலீஸ் தலைவரிடம் விண்ணப்பித்து உரிமம் பெற்றாலன்றி எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் கூடாது. மீறுவோருக்கு 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும். இரண்டாவது, தண்டனைகளைக் கூட்டிய 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம். இதன்கீழ் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. கொள்ளை முதலிய குற்றங்களின்போது சுட்டவருக்கு முன்பு மரணமே கட்டாயத் தண்டனை. 2023 ஜூலை 4 முதல் அக்கட்டாயம் நீங்கியது. இப்போது மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 12 பிரம்படியும் என்று நீதிபதி ஆய்ந்து விதிக்கலாம்.

“நான் வாங்கவில்லை, எனக்குச் சொந்தமும் அன்று” என்று சொல்லித் தப்பலாம் எனச் சிலர் நினைப்பதுண்டு. ஆயுதச் சட்டமோ உடைமை, பொறுப்பு, கட்டுப்பாடு என்று மூன்றையும் குறிப்பிடுகின்றது. நண்பன் கொடுத்த பையை அதில் இருப்பது இன்னதென்று அறிந்தே கட்டிலுக்கடியில் வைத்தவன் அதற்குப் பொறுப்பாளன் ஆகிறான். காற்றுத் துப்பாக்கியும், துப்பாக்கியின் தனித்தனி உறுப்புகளும்கூட ஆயுதமே. இரும்புக் குழாயும் வில்லும் வைத்துப் பட்டறையில் நாமே துப்பாக்கி செய்வது அதனினும் கொடிய குற்றமாகும். பன்றிக்காகத்தான் செய்தேன் என்ற சமாதானம் அங்குச் செல்லாது.

தோட்டத்தில் நாம் செய்ய வேண்டுவன

பன்றித் தொல்லை இருப்பின் தோட்ட நிர்வாகத்திடம் கூட்டாக முறையிடுதல் வேண்டும். நிர்வாகம், உரிமம் பெற்ற வேட்டைக்காரரையும் வனவிலங்குத் துறையையும் நாடலாம். துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை உரிமம் வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வேட்டை நடக்கும் இரவில் எந்தப் பகுதியில் நடக்கிறது என்பதை லயங்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கும்படி கேட்பது நம் உரிமை. புதரில் அசைந்தது பன்றியென எண்ணி மனிதரைச் சுட்ட துயரச் செய்திகள் நாளிதழ்களில் வந்ததுண்டு. இருட்டோடு பால் வெட்டப் போகிறவர்கள் நாமே அல்லவா?

உரிமம் ஒருவர் பெயருக்கே உரியது. தந்தையின் துப்பாக்கி அவருக்குப்பின் மகனுக்குத் தானாகச் சேர்வதில்லை. வீட்டில் உரிமம் உள்ளவர் இறந்தால், காலந்தாழ்த்தாமல் போலீஸ் நிலையத்துக்குத் தெரிவித்து ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். அண்டை வீட்டார் நல்லவரே ஆயினும், ஒரு வேளைக்கென்றுகூட அதை இரவல் கொடுத்தல் ஆகாது.

காட்டிலோ கால்வாயிலோ பழைய துப்பாக்கி, தோட்டா, வெடிகுண்டு எதுவும் கண்ணில் பட்டால் தொட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வரவே வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, உடனிருப்பவரிடம் சொல்லி, நேரே போலீஸாருக்குத் தெரிவிப்பதே பாதுகாப்பு. பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிவைத்தல் பெற்றோர் கடமை.

எவரேனும் கைதானால் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. கைதுக்கான காரணத்தை அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து ஆலோசிக்கவும் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதி உரிமை தருகின்றது. சாம்பசிவத்தின் உயிரை மீட்டதும் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர்களின் விடாமுயற்சியே.

அமெரிக்காவில் அனுமதிச் சீட்டை எதிர்ப்போர் எழுப்பும் ஒரு குரலை நாமும் மறத்தலாகாது. அனுமதி தரும் அதிகாரம் ஆள் பாராமல் நடக்க வேண்டும் என்பதே அக்குரல். முன்னே கேட்கும் சட்டம் எல்லாரையும் ஒன்றுபோல் கேட்டால்தான் அதற்கு மதிப்பு. ஆனால் ஒன்றுமே கேளாமல் விட்டு, எல்லாம் நடந்த பின் கேட்கும் கேள்விக்கு, சுடப்பட்டவர் எழுந்து வந்து விடை கூற முடியாது. அவருடைய வீட்டில் இருப்போர்தாம் அக்கேள்வியோடு வாழ வேண்டும். பன்னிரண்டு ஆண்டு அவசரகாலத்தில் நம் தோட்டங்களில் அப்படி வாழ்ந்த குடும்பங்கள் பல.

காட்டுப்பன்றி தின்ற மரவள்ளி அடுத்த பருவத்தில் மறுபடியும் முளைக்கும். ஆகவே, “ஒரு துப்பாக்கி இருந்தால்” என்ற எண்ணம் இனி எழும்போது, அதனோடு “அதற்கு யார் பொறுப்பு?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வோமாக.